தமிழ்க் குரலைச் சோதிக்க மொழிபெயர்ப்பு போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு) மாணவர்களுக்காக உங்கள் இதழ் வெளியிடும் மேற்படிப்புக் கட்டுரை வரிசையில் பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்கத் தாமதமாகப் பேசும் குழந்தைகளோடு நின்றுவிட்டது. குரல் நோய் என்ற பெரும்பகுதி விடுபட்டுப் போயிற்று. தமிழ் தெரிந்த ஆராய்ச்சியாளருக்கு வேலை கொட்டிக் கிடப்பது அங்கேதான்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்தில் தொடங்கியது. நான்காண்டு இளங்கலை. 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி (துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம்) பதிந்துகொண்டுதான் தொழில் செய்யலாம். முதுகலை, முனைவர் பட்டம், விரிவுரையாளர் பணி எல்லாம் அதற்குப் பிறகு.

அப்படிப் போகிறவர் எதை ஆராய்வார்? தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கரகரத்த குரலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சை இழுத்து ‘ஸ்ஸ்’ என்று முடிந்தவரை நீட்டச் சொல்வார்கள். பிறகு அதே ஒலியைத் தேனீ ரீங்காரம்போலத் தொண்டை அதிர (ஆங்கில ‘z’ மாதிரி) நீட்ட வேண்டும். முதல் நேரத்தை இரண்டாவதால் வகுத்தால், நல்ல குரலில் 1க்குப் பக்கத்தில் வரும். குரல்நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் மடிப்பு) முடிச்சு இருந்தால் நாண்கள் சரியாக மூடாமல் காற்று கசியும், இரண்டாவது ஒலி சீக்கிரமே அறுந்துவிடும். 1.4ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்கிறது 1981இல் வந்த ஆய்வு.

தமிழில் அந்த அதிரும் ஸகரம் கிடையாது. சிலர் ‘ஜ்’ என்று அடைத்துவிடுவார்கள், அதை நீட்டவே முடியாது. பலர் பழைய ‘ஸ்ஸ்’ஸையே இரண்டாம் முறையும் சொல்வார்கள். விடை 1. முடிச்சு தொண்டையில் இருக்கும், தாளில் மட்டும் குரல் நலம்! சோதிப்பவர் நோயாளியின் கையைத் தொண்டையில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க வைத்தால் இந்தத் தவறு பிடிபடும். அப்படியும் ஒலி வராவிட்டால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, ‘ஆ’வை எத்தனை வினாடி நீட்டுகிறார் என்று மட்டும் பார்ப்பது மேல். பெரியவர்களில் 10 வினாடிக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

குரலைக் காதால் கேட்டு மதிப்பெண் போடும், அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலச் சங்கத்தின் ‘கேப்-வி’ மதிப்பீட்டிலும் இதே சிக்கல்தான். அதில் ஆறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ‘ஈஸ்டர்தோறும் முட்டை தின்போம்’ என்ற பொருளில் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதன் நான்கு சொற்கள் வரிசையாக உயிரொலியில் தொடங்குவதால், குரல்நாண்கள் ‘டக்’கென்று மோதிக்கொள்கின்றனவா என்று கேட்கலாம். தமிழில் பெயர்த்தால் முட்டை மிஞ்சும், சோதனை போய்விடும். உயிரெழுத்துச் சொற்களாகத் தேடிப்பிடித்தாலும் போதாது. நாம் ‘எலி’யை ‘யெலி’ என்றும் ‘ஒரு’வை ‘வொரு’ என்றும்தானே பேசுகிறோம்? அந்த யகர வகரம் மோதலை மெத்தையாகத் தாங்கிவிடும். ஆகவே ‘அக்கா அரிசி அளந்தாள்’ என்பதுபோல அகர ஆகாரச் சொற்களாகவே புதிதாகக் கட்ட வேண்டும். தொடர்ந்து அதிரும் ஒலிகளுக்கு ‘மாலையில் மரநிழல் நீளும்’ மாதிரி ஒன்று. பிறகு இவற்றைப் பலரிடம் பதிந்து, பயிற்சி பெற்ற காதுகள் ஒரே மதிப்பெண் தருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு முதுகலை ஆய்வுக்கு இதுவே தாராளம்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக்காற்று அதில் மோதும். சற்றுப் பக்கவாட்டில், 10 செ.மீ.க்குள் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு சுருக்கப்பட்டது. அதை ‘ப்ராட்’ என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் போட்டு நுண்ணதிர்வு அளக்க முனைவது வீண்வேலை.

பி.கு.: கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் ‘தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசுங்கள்’ என்றிருந்தது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள். கிசுகிசுக்கும்போது பலர் தொண்டையை இறுக்கிப் பிழிகிறார்கள். மெல்லிய இயல்பான குரலே நல்லது. கரகரப்பு நான்கு வாரத்தில் தீராவிட்டால் முதலில் காது மூக்குத் தொண்டை நிபுணர் குரல்நாணைக் கண்ணால் பார்க்க வேண்டும். பயிற்சி அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
குரல் சிகிச்சைத் துறை வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்