மில் அண்ணையிலிருந்து மடப்பள்ளி வரை: ஒரு நன்றி மடல்

அன்பான ஊரவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மகளுக்குச் சீலியாக் நோயும் பசுப்பால் புரத ஒவ்வாமையும் இருப்பது உங்களில் பலருக்கு இப்போது தெரியும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சத்தை உறிஞ்சுகிற அவளின் சிறுகுடல் சடைமுளைகள் சிதையும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பால், தயிர், மோர், நெய், பால்மா ஒன்றும் ஆகாது. "அப்ப பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறியள்?" என்று கேட்காதவர்கள் இல்லை. இரணைமடுத் தண்ணியில் நெல் விளைகிற ஊரில், குரக்கனும் ஒடியலும் மரவள்ளியும் தேங்காயும் மீனும் கிடைக்கிற இடத்தில், கொடுக்க நிறையவே உண்டு. அந்த நல்ல சாப்பாட்டில் எது பட்டது, எது கலந்தது என்பதில்தான் சிக்கல் எல்லாம். அதை எங்கள் குசினிக்குள் இருந்து மட்டும் பார்த்துவிட முடியாது. ஆளாளுக்கு நீங்கள் செய்ததை விவரமாகவே எழுதுகிறோம். இதே பத்தியம் உள்ள இன்னொரு வீட்டுக்கும் உதவும்.

பிள்ளைகள் வைத்தியருக்கு முதல் நன்றி. இரத்தப் பரிசோதனை முடியும் வரை பாணை நிறுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை விட்டால் இரத்தத்தில் நோயைக் காட்டுகிற பிறபொருளெதிரி (அன்ரிபொடி) குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். இது தெரியாமல் முதலே பத்தியம் பிடித்தால், பிறகு பரிசோதனைக்காகத் திரும்பவும் கோதுமை கொடுக்க வேண்டி வரும்.

மில் அண்ணைக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். மிளகாய்த் தூளுக்கும் அரிசி மாவுக்கும் தனித்தனி மெசின் வைத்திருப்பது வழமை. ஆனால் அரிசி அரைக்கிற மெசினிலேயே சத்துமாவும் அரைபடும். அதில் கோதுமையும் பார்லியும் இருக்கும். குளூட்டன் இல்லாத உணவு என்றால் அதில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம். ஐந்து கிலோ அரிசி மாவில் ஒரு தேக்கரண்டி கோதுமை மா சேர்ந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். அவிப்பதாலோ வறுப்பதாலோ பொரிப்பதாலோ குளூட்டன் அழியாது. அண்ணை இதைக் கேட்டுவிட்டு, மெசினைக் கழற்றித் துப்புரவாக்குகிற நாளையே எங்களுக்கு ஒதுக்கினார். காலையில் வேறு எதுவும் போடமுதல், தட்டுகளைப் பிரித்துத் தூரிகையால் தட்டி, ஒரு கிலோ அரிசியை வெறுமனே ஓடவிட்டு அந்த மாவை வேறாக எடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் எங்கள் அரிசி. இன்னொன்றையும் அவராகவே கண்டுபிடித்தார்: மா வந்து விழுகிற வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாய். எவ்வளவு உதறினாலும் பழைய மா அதன் தையலுக்குள் இருந்து விழுந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் மாவுக்கென்று புதுத் துணி தைத்து, அதை எங்கள் கையிலேயே தந்துவிட்டார். கழுவிக் காயவைத்து நாங்களே கொண்டுபோய்க் கட்டுகிறோம்.

அயலில் உள்ள அம்மம்மாமாருக்கு அடுத்த நன்றி. இன்றைக்கு இடியப்பம், புட்டு, தோசை மூன்றிலும் அவிச்ச கோதுமை மா கலப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அரிசி உணவுதானே என்று நம்பி வெளியில் வாங்கிக் கொடுத்தால் அங்கேதான் பிடிபடுவோம். கோதுமை மா இல்லாமல் இடியப்பம் பிழிய முடியாது என்று சொல்பவர்களுக்கு அம்மம்மாமார் காட்டிய வழி இது. பச்சை அரிசியை மூன்று நாலு மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து அரைத்து அரித்து, கையில் எடுத்து விட்டால் ஒட்டாமல் சிந்தும் வரை வறுக்க வேண்டும். இரண்டு பேணி மாவுக்கு ஒன்றரைப் பேணியில் தொடங்கி, மா கேட்கிற அளவுக்கு உப்புத் தண்ணி. சிவப்பரிசி மா கூடக் குடிக்கும். தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். கொதிநீரில் அரிசி மா வெந்து பசைப்படுவதுதான் இங்கே கோதுமையின் வேலையைச் செய்கிறது. ஆறின தண்ணியில் குழைத்தால் பிழியும்போதே அறுந்து விழும். குழைத்ததை ஆறவிட்டாலும் இறுகி உரல் நகராது, ஆகவே சூட்டோடு பிழிந்துவிட வேண்டும். தோசைக்கு உழுந்து ஒன்று, பச்சை அரிசி மூன்று, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, அரைக்கும்போது ஒரு பிடி சோறு. அந்தச் சோறுதான் மெதுமைக்கு.

புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைப் பற்றி எச்சரித்ததும் அவர்கள்தான். ஓலைப் பின்னலின் மூலைகளைக் குண்டூசியால் கிண்டிப் பார்த்தால் காய்ந்த மா பொருக்குப் பொருக்காக வரும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. இடியப்பத் தட்டு, மர அகப்பை, அரிதட்டு, சுளகு எல்லாம் அப்படித்தான். ஓலை பின்னுகிற அக்கா பிள்ளைக்கென்று புதிதாக ஒரு நீத்துப்பெட்டி இழைத்து, விளிம்பில் சிவப்பு ஓலை வைத்துத் தந்தார். அலுமினியச் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பாவிக்கலாம், ஓலையையும் மரத்தையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

சங்கக்கடைத் தம்பிக்கு: கடலை மாவுக்கும் உழுந்து மாவுக்கும் தனிக் கரண்டி போட்டதற்கும், பைக்கற்றின் பின்பக்கத்தைப் பொறுமையாக வாசித்துக் காட்டியதற்கும் நன்றி. கட்டிப் பெருங்காயமும் தூள் பெருங்காயமும் பெரும்பாலும் கோதுமை மாவில் சேர்த்தவை; நாங்கள் உள்ளியும் சீரகமும் போட்டுச் சமாளிக்கிறோம். சோயா சோஸில் கோதுமை, ஹோர்லிக்ஸ் போன்ற மோல்ட் பானங்களில் பார்லியும் பாலும் இரண்டுமே, பல மார்ஜரின்களில் பால் திண்மம். 'கேசின்', 'வே' என்று போட்டிருந்தால் அதுவும் பால்தான். கறித்தூளைச் சில்லறையாக வாங்குவதில்லை, வறுத்து அரைப்பிக்கிறோம்.

முன்பள்ளி ரீச்சர், உங்களுக்குத் தனியாக ஒரு வரி போதாது. சாப்பாட்டுப் பெட்டியை எல்லோரும் பார்ப்பார்கள். பசையைப் பார்த்தவர் நீங்கள். கடதாசி ஒட்டக் காய்ச்சுகிற பசை கோதுமை மாப் பசை. பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற களியும் அதே மா. விரலில் பட்டால் வாய்க்குப் போகும். வகுப்பு முழுவதற்கும் சோற்றுப் பசைக்கு மாறினீர்கள், பட்டம் ஒட்டுகிறவர்களுக்கு அது புதிதுமில்லை. களிக்கு அரிசி மா, உப்பு, எண்ணெய், சுடுநீர். கோதுமைக் களிபோல இழுபடாது, ஒரு நாளில் வெடிக்கும், ஆனாலும் பிள்ளைகளுக்குக் காணும். சாப்பிட முதல் எல்லோருக்கும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வைத்தீர்கள். கிருமிநீக்கித் திரவம் கிருமியைக் கொல்லும், மாவை அகற்றாது. பிள்ளையை வேறு மேசைக்குத் தள்ளாமல் இவ்வளவையும் செய்தது பெரிய காரியம்.

மிட்வைஃப் அக்கா திரிபோஷச் சத்துமாப் பைக்கற்றைத் தராமல் வைத்துக்கொண்டார். அதில் பால்மா உண்டு. பதிலுக்குக் கல்சியத்துக்கு வழி சொன்னார். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள பைற்றேற்று என்ற பொருள் கல்சியத்தை முழுதாக உறிஞ்ச விடாது. முளைக்கட்டினால் அது குறையும். இரவு ஊறவிட்டு, துணியில் கட்டி, ஒன்றரை நாள் அளவில் வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் காயவைத்து வறுத்து அரைக்க வேண்டும். எங்கள் வெயிலுக்கு முடிச்சு சீக்கிரம் புளித்துப்போகும். இடையிடையே தண்ணி தெளித்து அலசாவிட்டால் மணம் மாறும், மாறினால் கொட்டிவிட வேண்டியதுதான். முள்ளோடு நெத்தலி, முருங்கை இலை, அரைத்த எள்ளு ஆகியவையும் முறைவைத்து வரும். இவ்வளவு கொடுத்தும் போதுமா என்பதை அக்கா மாதாமாதம் நிறை பார்த்து வளர்ச்சிக் கோட்டில்தான் தீர்மானிக்கிறார், எங்கள் கண்மட்டத்தில் அல்ல.

மடப்பள்ளி ஐயாவுக்கும் அன்னதானத் தொண்டர்களுக்கும்: நெய் விட முதல், அகப்பைகள் மாற முதல், அவளுடைய சோற்றையும் பருப்பையும் எடுத்து மூடி வைத்துவிடுகிறீர்கள். மோர் மிளகாய் பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளத்தைக்கூடக் கவனித்து நிறுத்தினீர்கள். பொங்கலுக்கு ஒரு சிறு பானையைத் தனியாக ஏற்றியதை மறக்கமாட்டோம். ஒரு பேணி பச்சை அரிசி, கால் பேணி வறுத்த பயறு, இரண்டாம் மூன்றாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, சக்கரை கரைந்த பிறகு முதற்பால். முதற்பாலை விட்டபின் நெருப்பைத் தணிக்காவிட்டால் எண்ணெய் பிரியும். கஜுவும் முந்திரிகை வற்றலும் தேங்காயெண்ணெயில். ருசியில் நெய்ப் பொங்கலுக்குக் குறைவில்லை என்று அயலவர் சிலர் அந்தப் பானையிலேயே கைவைத்தது வேறு கதை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போட்ட தம்பிமாரே, மோர் வாளியில் தோய்ந்த குவளையைத் தராமல் வேறு குவளையில் தேசிக்காய்த் தண்ணி தந்தீர்களே, அதற்கும் நன்றி.

கேக் அடிக்கிற அக்கா, கோதுமை மா தொடாத நாளாகப் பார்த்து எங்கள் வீட்டிலேயே வந்து செய்தார். மா அள்ளிக் கொட்டுகிற அறையில் தூசி மணித்தியாலக் கணக்காக மிதந்து படியும் என்பது அவருக்குத் தெரியும். அரிசி மாக் கலவையை அரை மணித்தியாலம் ஊறவிட்டுத்தான் ஓவனில் வைத்தார். இல்லாவிட்டால் கடிக்கும்போது நறுநறுக்கும்.

பஸ்ஸிலும் வீதியிலும் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கோதுமை தவறிப் போனால் வயிற்றோட்டம், வயிற்று நோ வரும், ஜீவனிக் கரைசலும் ஓய்வும் பெரும்பாலும் போதும். பால் பட்டுத் தடிப்பு எழும்பி, குரல் கம்மி, மூச்சு இழுத்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள்.

அடுத்த அரைப்பு பெரும்போக நெல் காய்ந்து குற்றியதும் நடக்கும். இதே பத்தியத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தால் மில் அண்ணையிடம் சொல்லிவையுங்கள், எங்கள் அரிசியோடு சேர்த்து அரைக்கலாம். அரிசியை மட்டும் பழைய கோதுமை மாச் சாக்கில் கட்டிக் கொண்டுவராதீர்கள்.

நன்றியுடன்,
பிள்ளையின் அம்மா, அப்பா
கிளிநொச்சி