பிளீச்சிங் போட்ட தொட்டி

ஆலங்குளம்,
ஆடி 22.

அன்புள்ள இசக்கி,

கடிதம் கிடைத்தது. ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு என்று ஒரே ஒரு வரி. மிச்சம் மூன்று பக்கமும் கோழி! மதினி பார்த்தால் உன்னைச் சும்மா விடமாட்டார்கள்.

சரி, கோழிக்கே வருவோம். தடுப்பு மருந்து கொடுத்தும் போன பேட்சில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்துவிட்டது, அடுத்ததற்கு லெவமிசோல் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அது குடற்புழு மருந்துதான். ஆனால் எதிர்ப்பு சக்தி தளர்ந்த உடம்பில் அதை மீட்டுக்கொடுக்கும் குணமும் உண்டு. அதனால்தான் தடுப்பு மருந்தை ஒட்டிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். திடமாக இருக்கிற கோழிக்கு அதனால் எதிர்ப்பு சக்தி பெரிதாக ஒன்றும் ஏறாது.

முதலில் உன் தண்ணீரைப் பார். என் கதையைக் கேள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குஞ்சுகளுக்கு 7-ஆம் நாள் கண்ணில் தடுப்பு மருந்து சொட்டு விட்டாயிற்று. நாலாவது வாரம் அதே நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்தேன். முந்தின நாள் சாயங்காலம் பையன் மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதை என்னிடம் சொல்லவில்லை. உயிருள்ள வைரஸ் அல்லவா, குளோரினில் செத்துப்போயிற்று. கோழிகளோ தாகத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தன. பத்து நாளில் வெள்ளைக்கழிச்சல் வந்து, கழுத்து திருகிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, 3000-இல் 400 போய்விட்டது.

இப்போது மருந்து கொடுப்பதற்கு முந்தின நாளும் கொடுத்த மறுநாளும் தொட்டியில் எதுவும் போடுவதில்லை. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்து, அரைமணி நேரம் விட்டுத்தான் மருந்தைக் கலக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கோழிக்குத் தண்ணீர் கிடையாது. மருந்துத் தண்ணீரில் கலக்க நீலச் சாயம் சேர்த்த பொட்டலமும் கிடைக்கிறது. செட்டுக்குள் அங்கொன்று இங்கொன்றாகப் பிடித்து அலகைத் திறந்து பார்ப்பேன். நாக்கு நீலமாக இருந்தால் குடித்திருக்கிறது. மூலையில் ஒதுங்கி நிற்கிற நோஞ்சான்களுக்குத்தான் பெரும்பாலும் நாக்கு வெளுத்திருக்கும்.

அப்புறம் கம்போரோ என்கிற வைரஸ் நோய். அது ஆசனவாய்க்கு மேலே இருக்கிற பர்சா என்ற சின்னப் பையைத்தான் தின்கிறது. எதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. அது போய்விட்டால் எந்தத் தடுப்பு மருந்தும் சரியாகப் பிடிக்காது. அந்த மாதிரி அடிபட்ட கோழிக்கும், வெயிலில் வாடினதற்கும்தான் லெவமிசோலோ, வைட்டமின் ஈ, செலினியமோ கைகொடுக்கும். செலினியம் கூடினால் விஷம். கடைக்காரன் சொன்னான் என்று அள்ளிப் போடாதே. லெவமிசோல் கறியில் தங்கும். நாற்பது நாளில் விற்கிற கோழிக்கு எந்த நாளோடு நிறுத்த வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள். செத்த கோழி ஒன்றை உடனே எடுத்துக்கொண்டு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குப் போ. அறுத்துப் பார்த்தால் பர்சாவின் நிலைமை தெரிந்துவிடும்.

இங்கே ஆடிக்காற்று செட்டின் படுதாவைக் கிழிக்கிறது. நேற்றுதான் தைத்தேன்.

வளைகாப்புக்குக் குடும்பத்தோடு வருகிறோம். மறுநாள் நாட்டுக்கோழி அடித்துவிடு. பிராய்லரைத் தினமும் பார்த்துப் பார்த்து நாக்கு செத்துவிட்டது.

அன்புடன்,
சுடலைமுத்து