தீபாவளி விளம்பரத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்குச் சில வாரங்களே இருக்கும் நிலையில், தங்கள் நாளிதழில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள் முழுப் பக்க அளவில் வரத் தொடங்கிவிட்டன. எத்தனை தளங்கள், எவ்வளவு தள்ளுபடி, கார் நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் அவற்றில் தெளிவாக இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வாசல் வழியாக உள்ளே போகலாம் என்ற தகவல் மட்டும் ஒரு விளம்பரத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்து, பின்னர் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மதுரைவாசி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஒரு தை வெள்ளியன்று, மகளின் திருமணத்துக்குச் சாமான்கள் வாங்க அவளுடன் கடைவீதிக்குப் போயிருந்தேன். முதலில் ஒரு பாத்திரக்கடை. மகள் வண்டியை நிறுத்தப் போயிருந்த இடைவெளியில் நான் கடை வாசலில் காத்திருந்தேன். கல்லாவில் இருந்தவர், வெள்ளிக்கிழமை யாசகர்களுக்கென்று தட்டில் போட்டு வைத்திருந்த நாணயங்களில் ஒன்றை எடுத்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையனிடம் கொடுத்தனுப்பினார். நான் அந்த நாணயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி என்ன விலை என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். கடைசியில் பில்லில் நூறு ரூபாய் குறைத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நூறு ரூபாயும் அதே தட்டிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றியதால், முழு விலையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்துப் போனது பல தளங்கள் கொண்ட பெரிய ஜவுளிக்கடை. அங்கே சாய்தளம் இருந்தது. அதன் மேல் தள்ளுபடி அறிவிப்புப் பலகை ஒன்றும், புடவை கட்டிய இரண்டு பொம்மைகளும் நின்றன. அவற்றை நகர்த்துவதை விட என்னைத் தூக்குவது எளிது என்று நினைத்தோ என்னவோ, காவலர்கள் இருவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமலே நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். பட்டுப் பிரிவில் விற்பனையாளர் புடவைகளை விரித்துப் போட்டார். என் தந்தை தறி நெய்தவர் என்பதால் பட்டைப் பற்றி ஓரளவு எனக்குத் தெரியும். ஒரு புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, “இது கோர்வைதானா?”, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி ஊடைநூலால் நெய்து கோத்ததுதானா, என்று கேட்டேன். அவர் என் மகளைப் பார்த்து, “கோர்வைதான்னு அப்பாகிட்ட சொல்லுங்கம்மா” என்றார். விலை, சாயம், ஜரிகை என்று நான் கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் பதில் அவளிடமே போயிற்று. பணம் என் சட்டைப் பையில் இருந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வணிகத்துக்காகப் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றபடி மாற்றியமைக்கச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2022இலேயே முடிந்துவிட்டது. அந்த விதிகளில் இதற்கான தரங்களைச் சொல்லும் விதி வெறும் பரிந்துரை போல இருப்பது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. நான் சொன்ன கடையில் அது ஒரு சுமாரான பட்டுப் புடவையின் விலை.

சிறு கடைக்காரர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் சாலை மேல் சாலையாகப் போட்டுக்கொண்டே போவதால், மழைநீர் உள்ளே வராமலிருக்க அவர்களும் தரையை உயர்த்த வேண்டியிருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. ஏழு அங்குலப் படி மூன்று இருந்தால் இருபத்தோரு அடி வேண்டும். பத்தடி அகலக் கடைக்காரர் எங்கே போவார்? எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்கும் மூன்று படிகள்தான். என் வண்டிச் சத்தம் கேட்டதும் அண்ணாச்சி வெளியே வந்து, “துவரம்பருப்பு புதுசு வந்திருக்கு, பாக்கிறீங்களா?” என்று ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவார். நான் நன்றாயில்லை என்று சொன்னால் என்னோடு வாதாடவும் செய்வார். பெரிய கடையில் எனக்குக் கிடைக்காமல் போனது அந்த வாதம்தான்.

பார்வையற்ற என் நண்பர் ஒருவரின் சங்கடம் வேறு வகை. அட்டை தேய்க்கும் கருவியில் முன்பு பொத்தான்கள் இருந்தன; ஐந்தாம் எண்ணின் மேலுள்ள புள்ளியைத் தடவி ரகசிய எண்ணை அவரே போட்டுவிடுவார். இப்போது பல கடைகளில் வழவழப்பான தொடுதிரைக் கருவி வந்துவிட்டதால், வரிசையில் நிற்பவர்கள் காதுபட எண்ணைச் சொல்லுமாறு அவரிடம் கேட்கிறார்கள். பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டி மட்டும், கடைக்காரரின் வசதிக்காக வந்ததென்றாலும், அவருக்கும் உதவுகிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் தரும் கடைகளிடம், சக்கர நாற்காலிக்கான வாசல் எந்தப் பக்கம், மின்தூக்கி எந்தத் தளம் வரை, உடை மாற்றும் அறைக்குள் நாற்காலி நுழையுமா என்பதைத் தெரிவிக்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லித் தங்கள் விளம்பரப் பிரிவினர் கேட்டுப் பார்க்கலாம். என் மகளுக்கு இது தலைதீபாவளி. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கடைக்குப் போவது என்பதை அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
மதுரை.