பச்சை இலை கறுத்த கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. உடனே பதில் போடாததற்குக் காரணம் நான் ஊரில் இல்லை, ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். வேடிக்கை பார்க்க வைத்திருக்கிற தோட்டமில்லை, தினமும் கொழுந்து எடைபோட்டுத் தொழிற்சாலைக்குப் போகிற தோட்டம். பரீட்சைக்குப் படித்த காலத்தில் விடிய விடிய டீ போட்டுக் குடித்தோமே, அந்தத் தூள் எப்படி வருகிறதென்று ஒரு தடவையாவது யோசித்திருப்போமா?

முதல் நாள் காலையில் கொழுந்து பறிக்கிற பெண்களோடு மேட்டில் ஏறினேன். தேயிலை உண்மையில் மரமாக வளர்கிற சாதி, விட்டுவிட்டால் பத்து மீட்டருக்கு மேல்கூடப் போகும். சில வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்து, அப்புறம் வாரம் பத்து நாளுக்கு ஒருதரம் நுனியை எடுத்து எடுத்துத்தான் இடுப்பு உயரத்தில் மேசை மாதிரி வைத்திருக்கிறார்கள். பறிக்க வேண்டியது இரண்டு இலையும் நடுவில் விரியாத மொட்டும் மட்டும். “நகத்தால கிள்ளாதீங்க, விரலுக்கு நடுவுல புடிச்சு ஒடிங்க” என்று ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். அவருடைய இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன, கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும், விரல் இந்தச் செடியில் பறித்துக்கொண்டிருக்கும், கை நிறைந்ததும் முதுகுக்குப் பின்னால் கூடையில் போய் விழும். இப்படி நாலு கிலோவுக்கு மேல் பறித்தால்தான் ஒரு கிலோ தூள். அதிலும் இலை நனைந்திருந்தால் ஈரத்துக்கென்று எடையில் கழித்துவிடுகிறார்கள், மழையில் நின்று பறித்தவருக்கு அது எப்படி இருக்கும் சொல். அந்த அக்காவின் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. மண்ணென்று நினைத்தேன். “இது இலைப்பாலு, கழுவுனா போகாது” என்றார்.

அந்தக் கறைக்கு அர்த்தம் சாயங்காலம் தொழிற்சாலையில்தான் புரிந்தது. வந்த கொழுந்தை நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு இரவு முழுக்க வாட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பச்சையாக இருக்கும்போது மடக்கினால் பட்டென்று ஒடிகிற காம்பு, வாடிய பிறகு நூல் மாதிரி வளைகிறது, ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நின்று மெல்ல விரிகிறது. அதற்கப்புறம் உருட்டுகிற இயந்திரம். இலை முறுக்குண்டு உள்ளே இருக்கிற சாறு வெளியே வந்து காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்குகிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே வேலைதான், அந்த அக்காவின் விரலில் நடந்ததும் அதேதான். புளிக்க வைப்பது என்று அவர்கள் சொன்னாலும் இது மாவு புளிக்கிற மாதிரி இல்லை, இலையிலேயே இருக்கிற நொதியும் காற்றும் சேர்ந்து செய்வது.

இலையைப் பறித்த கையோடு சூடு காட்டி அந்த நொதியை அடக்கிவிட்டால் அது கிரீன் டீ. கறுக்க விட்டால் நம் டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். எல்லாம் ஒரே செடி! நான் இத்தனை வருடம் கிரீன் டீக்குத் தனிச் செடி என்றே நம்பியிருந்தேன். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே பச்சைக்கும் கறுப்புக்கும் இரண்டு தனிப் பெயர் வைத்திருந்தார் என்பதும், 1840-களில் சீனாவுக்குப் போன தாவர ஆய்வாளர் ராபர்ட் பார்ச்சூன்தான் ஒரே செடியிலிருந்து இரண்டும் செய்வதை நேரில் பார்த்து எழுதினார் என்பதும் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டது.

எனக்கு மறக்கவே முடியாதது, எப்போது நிறுத்துவதென்று பார்க்கிற மேஸ்திரிதான். சுவரில் கடிகாரம் இருக்கிறது, வெப்பமானி இருக்கிறது, அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கொண்டுபோகிறார். எனக்கும் கொடுத்தார், முதலில் வெட்டிய புல் வாசனை. அரை மணி கழித்து அதே குவியலிலிருந்து மறுபடி கொடுத்தபோது புல் போய் ஏதோ பழ வாசனை, நிறம் செப்புக் காசு மாதிரி. “இப்ப” என்று தலையாட்டினார், அடுத்த நிமிடம் உலர்த்தியில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்தால் மணம் மழுங்கிவிடும், அவசரப்பட்டால் பச்சை வாடை தங்கிவிடும். சூட்டில் காய்ந்து சுமார் மூன்று சதவீதம் ஈரத்தோடு வெளியே வருகிறபோதுதான் நமக்குத் தெரிந்த கறுப்பு நிறம்.

சல்லடையில் கடைசியாக விழுகிற டஸ்ட் கூட்டிப் பெருக்கின குப்பை என்று நீ சொல்வாயே, அது இல்லை, அளவில் சின்னது, அதனால் சீக்கிரம் சாயம் இறங்கும், அவ்வளவுதான்.

உனக்கு அரைக் கிலோ முழு இலை அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பாலில் போட்டுக் கொதிக்க விடாதே. கொதித்த நீரை ஊற்றி நாலு நிமிடம் மூடி வைத்து வடிகட்டு, முதல் கோப்பையை வெறுமனே குடித்துப் பார். வடிகட்டின இலையையும் தட்டில் விரித்துப் பார், சிலதில் இரண்டு இலையும் மொட்டும் பிரியாமல் அப்படியே இருக்கும். அடுத்த முறை போகும்போது உன்னையும் கூட்டிப்போக வேண்டும், மேடு கொஞ்சம் செங்குத்து, அதனால் முழங்காலைப் பற்றி மருத்துவர் என்ன சொல்கிறாரென்று ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்