வண்டி ஓடுகிறது, உங்களால்தான்

அன்புடையீர்,

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீள நினைப்பவர்களுக்காக நாங்கள் தொடங்கிய நடமாடும் மருத்துவமனை ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. நேரில் நன்றி சொன்னால், "இதெல்லாம் ஒரு உதவியா?" என்று நழுவிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. இந்தப் போதைக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் மருந்தை ஏற்றிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் 1979இலேயே பேருந்து ஓடியது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும், அதேபோல் மாற்றாகத் தரப்படும் புப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மருந்து இருந்தது. மருத்துவமனை தூரம், வேலைக்கு லீவு கிடைக்காதது, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்ற பயம் எல்லாம்தான் ஆளை அதனிடம் வரவிடவில்லை.

முதல் நன்றி மருந்தாளுநர் அக்காவுக்கு. கட்டுப்பாட்டில் உள்ள மருந்தை வண்டியில் வைப்பது சும்மா இல்லை. காலையில் எண்ணி ஏற்ற வேண்டும், மாலையில் எண்ணி இறக்க வேண்டும். ஒரு மாத்திரை கணக்கு உதைத்தாலும் அக்கா யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அனுமதி தரவேண்டிய அதிகாரிகளின் முகமே கொஞ்சம் இளகியது.

அடுத்து மூத்த செவிலியர் அம்மா. ஹெராயின் எடுத்தவர் என்றால் கடைசியாக எடுத்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, விரிந்த கண்மணி என்று போதை இறங்கும் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே முதல் புப்ரெனார்ஃபின். அவசரப்பட்டுக் கொடுத்தால் மருந்தே உடம்பை முறுக்கி எடுத்துவிடும். நாக்குக்கு அடியில் மாத்திரை கரைய ஐந்து பத்து நிமிடம் ஆகும், அதுவரை பேசக்கூடாது. அந்த நேரம் முழுக்க அம்மா எதிரே உட்கார்ந்து தன் மருமகன் புராணத்தை அவிழ்த்துவிடுவார். கேட்பவரால் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். சிலர் அந்தக் கதையின் மிச்சத்தைக் கேட்கவே மறுநாளும் வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்!

ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வண்டியை நிறுத்துவதும் சிகிச்சைதான்.

"எங்கள் தெருவில் வேண்டாம்" என்று பலர் சொன்னபோது, தன் கட்டட வாசலில் இடம் கொடுத்த பெரியவரை மறக்க முடியாது. இப்போது ஓபியாய்டு அளவு மீறி மூச்சுத் திணறுபவரை மீட்கும் நாலக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே அடிக்கவும் கற்றுக்கொண்டு, அதன் வேகம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே தணிந்துவிடலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் விடாதீர்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கு அவரே பாடம் எடுக்கிறார்.

தானும் இந்தப் போதையிலிருந்து மீண்டு, இன்று வண்டி வாசலில் நின்று தயங்கி வருபவர்களை உள்ளே அழைத்து வரும் தம்பி தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். சரி, போடவில்லை. ஆனால் அவர் இல்லாத நாட்களில் பாதிப் பேர் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார்கள்.

அப்புறம், பின்கதவைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் அண்ணே, பில் இன்னும் வரவில்லை. தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
நடமாடும் மருத்துவமனைக் குழுவினர் சார்பில்
ஒருங்கிணைப்பாளர்