அவளை அர்பானாவுக்கு அனுப்பு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்டிருந்தது இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடைக்குட்டி மகளுக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அதுவும் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கிண்டியில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் அந்த ஊர்ப் பெயரை நாம் பாடப்புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் அடுத்த பத்தியிலேயே நீ வேறு குரலில் எழுதியிருந்தாய். தலையில் முக்காடு போட்டுப் போகிற பெண், பெயரைச் சொன்னதும் யாரென்று தெரிந்துவிடும், அந்த நாடு இப்போது இருக்கிற நிலையில் தனியாக அனுப்பலாமா, அவள் உம்மாவுக்கு ராத்திரித் தூக்கமில்லை, நியூயார்க்கில் ஒரு முஸ்லிம் மேயராக வந்துவிட்டார் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம், அது போதுமா என்று கேட்டிருந்தாய்.

போதாது என்றுதான் நான் சொல்வேன். மேயர்கள் வருவார்கள், போவார்கள். உன் மகள் தெரிந்துகொண்டு போக வேண்டிய மனிதர் வேறொருவர். அவர் அவள் படிக்கப் போகும் அதே வளாகத்தில் படித்து, வானளாவிய கட்டடங்களை எழுப்பிய இன்ஜினியர்: ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

பெயர் உனக்குப் புதிதில்லை. ஆனால் அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று நம் வாத்தியார்கள் யாரும் நமக்குச் சொன்னதில்லை. 1929-இல் பிறந்த வங்காளி. படித்து முடித்தது டாக்காவில். 1952-இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அர்பானாவுக்குப் போனார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு முனைவர் பட்டம். 1955-இல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இடையில் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்ச் சில காலம் இருந்துவிட்டு, மறுபடி அதே நிறுவனத்துக்கே வந்தார்.

அதற்கு முன்னால் உயரமான கட்டடம் என்றால் எப்படிக் கட்டினார்கள் என்பது உனக்குத் தெரியும். உள்ளே முழுக்கத் தூணும் பீமுமாக எஃகுச் சட்டகம். மாடி ஏற ஏற, சுமைக்காக இல்லாமல் காற்றுக்காகவே எஃகைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு உயரத்துக்கு மேல் செலவு கட்டுப்படியாகாது. கான் காற்றைத் தாங்கும் வேலையை வெளிச்சுவரிடம் கொடுத்தார். வெளிச்சுற்றில் தூண்களை நெருக்கி வைத்து, ஆழமான பீம்களால் இணைத்துவிட்டால், கட்டடம் முழுவதும் தரையிலிருந்து எழும் ஒரே குழாயாக நின்று காற்றை எதிர்க்கும். உள்ளே தூண்கள் குறையும், இடம் மிஞ்சும். இதை முதலில் சிகாகோவில் ஒரு காங்கிரீட் அடுக்குமாடியில் செய்து பார்த்தார். பிறகு 1969-இல் முடிந்த ஜான் ஹான்காக் கட்டடத்தில் அந்தக் குழாயின் நான்கு முகத்திலும் பிரம்மாண்டமான குறுக்குச் சட்டங்களைப் போட்டார். 100 மாடி. சதுர அடிக்கு சுமார் 30 பவுண்டு எஃகுதான் ஆனது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 42 பவுண்டு ஆகியிருந்தது. பொதுப்பணித் துறையில் கம்பிக் கணக்கோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய எனக்கு, இந்த இரண்டு எண்களும் அவருடைய எல்லா விருதுகளையும்விடப் பெரியவை.

அந்தக் கட்டடம் காற்றில் ஆடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு ஆட்டம் தெரியும் என்று அப்போது யாருக்கும் கணக்கு இல்லை. கான் என்ன செய்தார் தெரியுமா? சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் துணி துவைக்கும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்திருந்த சுழல் மேடை இருந்தது. அதில் ஆட்களை நிற்கவும் உட்காரவும் படுக்கவும் வைத்து, எந்த அளவு அசைவில் உடம்புக்குத் தெரிகிறது என்று சோதித்தார். இந்தச் செய்தியை உன் மகளிடம் கட்டாயம் சொல். பெரிய இன்ஜினியர் என்பவர் மேடையில் படுத்துக் கிடக்கும் மனிதனின் வயிறு கலங்குமா என்றும் கவலைப்படுகிறார்.

அப்புறம் அதே சிகாகோவில் சியர்ஸ் டவர். அவரோடு வேலை செய்த கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம் ஒரு பிடி சிகரெட்டைக் கையில் சேர்த்துப் பிடித்து, சிலவற்றை மேலே இழுத்துக் காட்டி, குழாய்களை இப்படிக் கட்டாகச் சேர்த்து வேறு வேறு உயரத்தில் நிறுத்த முடியுமா என்று கேட்டாராம். முடிந்தது. 75 அடிச் சதுரமாக ஒன்பது குழாய்கள், 50-ஆவது மாடியில் இரண்டு நின்றுவிடும், 66-இல் இரண்டு, 90-இல் மூன்று, மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரை போகும். 1,450 அடி. கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரங்கள் எழும் வரை உலகத்தின் மிக உயரமான கட்டடம் அதுதான். இப்போது வில்லிஸ் டவர் என்கிறார்கள். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதன் அடியில் ஒரு தெருமுனையில் கானின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் நின்று படித்தேன்.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போரில் அவருடைய ஊரில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, சிகாகோவில் இருந்த வங்காளிகளைத் திரட்டி, நிதி சேர்த்து, அமெரிக்க அரசியல்வாதிகளிடம் போய்ப் பேசினார். புகழின் உச்சியில் இருந்தவர், தன் கம்பெனிக்கு என்ன ஆகுமோ என்று ஒதுங்கி நிற்கவில்லை. தாகூரின் பாடல்களான ரவீந்திர சங்கீதம் பாடுவார். கடைசியாகச் செய்த பெரிய வேலைகளில் ஒன்று ஜெத்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். உன் அத்தனை சொந்தக்காரர்களும் அந்தக் கூடாரக் கூரையின் நிழலில் காத்திருந்துதான் மக்கா போயிருப்பார்கள். 1982-இல் ஜெத்தாவிலேயே மாரடைப்பில் இறந்தார். 52 வயதுதான். அடக்கம் செய்தது சிகாகோவில்.

2009-இல் ஒபாமா கெய்ரோவில் பேசியபோது ஒரே வாக்கியத்தில் அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றிச் சொன்னார்: எங்கள் போர்களில் சண்டையிட்டார்கள், நோபல் பரிசு வாங்கினார்கள், எங்கள் மிக உயரமான கட்டடத்தைக் கட்டினார்கள், ஒலிம்பிக் சுடரை ஏற்றினார்கள் என்று. பெயர் எதுவும் சொல்லவில்லை. நோபல் என்றது எகிப்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த அகமது ஸெவெய்ல், 1999-இல் வேதியியலுக்கு வாங்கியவர். கட்டடம் கான். சுடர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. 1996-இல் அட்லாண்டாவில், பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையோடு தீபம் பிடித்து நின்ற முகம்மது அலியை உலகமே பார்த்தது. 1980-இல் அதே அலி மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதும் எம்.ஜி.ஆர் வந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஹாஸ்டலே காலியாகிப் போனது.

ஆனால் அந்தத் தீபத்துக்கு முன்னால் அந்த மனிதன் கொடுத்த விலையை அவள் உம்மாவிடம் சொல். 1964-இல் சோனி லிஸ்டனை வென்று குத்துச்சண்டை உலகப் பட்டம் பெற்ற கையோடு தன் மார்க்கத்தை வெளியே சொன்னார், பழைய பெயரை விட்டார். பல பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் பழைய பெயரையே எழுதின. 1967 ஏப்ரலில் ஹூஸ்டனில் வியட்நாம் போருக்குப் பட்டாளத்தில் சேர மறுத்தார். பட்டம் போனது, குத்துச்சண்டை உரிமம் போனது, ஐந்து வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாரே தவிர, ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு 25 வயதிலிருந்து 28 வரை எப்பேர்ப்பட்ட காலம்! அதை அவர் மேடை ஏறாமலே கழித்தார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம், மாற்றுக் கருத்து ஒன்றுகூட இல்லாமல், அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதே நாடு 2005-இல் அதன் மிக உயர்ந்த குடிமகன் விருதைக் கொடுத்தது. அந்த நாட்டின் நல்ல குணம் பல நேரம் தாமதமாகத்தான் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் அவளை அனுப்ப வேண்டும்.

இன்னொரு பெயரையும் மறைக்கக் கூடாது: முகம்மது சல்மான் ஹம்தானி. கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த பையன், 23 வயது. ஆம்புலன்ஸ் பயிற்சி பெற்றவன், காவல்துறைப் பயிற்சிக் கேடட்டாகவும் இருந்தவன். 2001 செப்டம்பர் 11 அன்று வேலைக்குப் போக வேண்டியவன், எரிகிற கோபுரங்களுக்கு உதவப் போனான். திரும்பவில்லை. அவனைக் காணோம் என்று வீட்டார் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் பெயரைப் பார்த்து அவனையே சந்தேகப்பட்டுச் செய்தி வந்தது. மாதங்கள் கழித்து இடிபாடுகளில் அவன் உடல் அடையாளம் தெரிந்தது. காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். தாக்குதல் நடந்த 2001-லேயே அமெரிக்காவில் நிறைவேறிய பேட்ரியாட் என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலேயே அவன் பெயர் வீரச் செயலுக்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது. ஆனால் நினைவிடத்தில் உயிர் கொடுத்த காவலர், மீட்பர் வரிசையில் அவன் பெயரைப் பொறிக்கவில்லை, வேறு பலகையில் பொறித்திருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அரசியல்காரர்களைப் பற்றி நீயே பேப்பரில் படித்துக்கொண்டிருப்பாய், சுருக்கமாகச் சொல்கிறேன். நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் முஸ்லிம் மினசோட்டாவின் கீத் எலிசன், 2006-இல். டெட்ராய்டில் பிறந்த கறுப்பினத்தவர். குர்ஆன் வைத்துப் பதவி ஏற்கப் போகிறார் என்றதும் வர்ஜீனியா உறுப்பினர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். 2007 ஜனவரியில் எலிசன் கையில் எடுத்த பிரதி எது தெரியுமா? வர்ஜீனியாக்காரரான, பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1765-இல், சட்டம் படிக்கும் மாணவராக இருந்தபோது வாங்கிய ஆங்கிலக் குர்ஆன். அந்தப் பதிலைவிடக் கண்ணியமான பதிலை நான் அரசியலில் பார்த்ததில்லை. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலை வழக்கை அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்து நடத்தியதும் அதே எலிசன்தான்.

2018-இல் இல்ஹான் ஓமரும் ரஷீதா தலைபும் வந்தார்கள். சோமாலியாவிலிருந்து கென்ய அகதி முகாம் வழியாக வந்த ஓமருக்காக, அவையில் தலையை மறைக்கக் கூடாது என்று 1837-லிருந்து இருந்த விதியைத் திருத்தினார்கள். 2025 நவம்பர் 4 அன்று நியூயார்க் ஸோஹ்ரான் மம்தானியை மேயராகத் தேர்ந்தெடுத்தபோது, வர்ஜீனியா துணை ஆளுநராக கஸாலா ஹாஷ்மியைத் தேர்ந்தெடுத்தது. நம் ஹைதராபாத்தில் பிறந்தவர், நெடுங்காலம் ஆங்கிலப் பேராசிரியை. மம்தானி பெற்ற கவனத்தில் பாதியாவது அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம் டிரம்ப் அரசில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை நிர்வகிக்கும் மெஹ்மத் ஓஸும் முஸ்லிம்தான். ஆக, இவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, ஒரே கருத்து என்று நினைத்துவிடாதே. இவர்களில் சிலரோடு எனக்கே ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

இவர்களை எல்லாம் "முதல்" முதலாக வந்தவர்கள் என்று எண்ணும்போது எனக்கு ஒமர் இப்னு சயீத் நினைவுக்கு வருகிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி கற்றவர், பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றார்கள். வட கரோலினாவில் அடிமையாக இருந்தபடியே 1831-இல் தன் கதையை அரபியில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று ஜெஃபர்சனின் குர்ஆன் இருக்கும் அதே அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அப்படிக் கூட்டிவரப்பட்டவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். உன் மகள் போகப்போவது அவளுடைய மார்க்கத்துக்கு அந்நியமான மண் இல்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அனுப்பு. அர்பானாவில் பள்ளிவாசல் இருக்கிறது, தொழுகைக்கும் நோன்புக்கும் தனியாகத் தவிக்க வேண்டியதில்லை. முதல் நாளே அங்கே போய் நாலு பெண்களைப் பழக்கம் பிடித்துக்கொள்ளச் சொல். யாராவது தகாத வார்த்தை சொன்னால் பொறுத்துக்கொண்டு அறைக்குள் அழ வேண்டாம், பல்கலைக்கழகத்தில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்கென்று அலுவலகம் உண்டு. குளிர்காலத்துக்கான கனத்த கோட்டை இங்கே வாங்கிக் காசை வீணாக்காதே, அங்கே வாங்குவதுதான் உதவும். ஷாம்பெய்னிலிருந்து சிகாகோ ரயிலில் மூன்று மணி நேரம்தான். முதல் விடுமுறையில் ஹான்காக் கட்டடத்தைக் கீழே நின்று பார்க்கட்டும், மேலே ஏறுவது இரண்டாம்பட்சம். குறுக்குச் சட்டங்கள் மூலைத் தூணில் வந்து சேரும் இடத்தைக் கவனிக்கச் சொல். விசை அங்கே எப்படி இறங்குகிறது என்று எனக்கு எழுதச் சொல்.

பணத்துக்கு வங்கிக் கடன் போதாமல் வந்தால் என்னிடம் கூச்சப்படாமல் கேள். விசா நேர்காணலுக்குச் சென்னை வரும்போது ஓட்டல் எதுவும் போட வேண்டாம். இருவரும் முந்தின நாளே நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். காலையில் கான்சுலேட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன். தேதி தெரிந்ததும் எழுது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத் தோழன்