வணிக வளாகக் கடைகள்: வாடகை எந்தச் சதுர அடிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி வணிக வளாகங்களின் மேல்தளங்களில் கடைகள் காலியாகக் கிடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். வெளியூர்க் கூட்டம் முன்போல் வருவதில்லை என்பதே அதில் பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம். சனிக்கிழமை மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்து பார்த்த எவரும் அதை அப்படியே ஏற்க மாட்டார்கள். சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், அவர்கள் கையெழுத்திடும் முன் ஒப்பந்த வரைவுகளைப் படித்துப் பார்ப்பதும் என் பிழைப்பு. அந்த இடத்தில் இருந்து நான் காண்பது வேறு. பேசிய வாடகை ஒன்று, கட்டும் தொகை இன்னொன்று என்பது கடை திறந்த முதல் மாதத்திலேயே கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது; அட்வான்சை இழக்க மனமில்லாமல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு இழுத்துப் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்குகிறார்.

ஆயத்த ஆடைக் கடை வைக்க விரும்பிய ஒருவர் என்னிடம் கொண்டுவந்த வரைவை எடுத்துக்கொள்கிறேன். வளாகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சதுர அடிக்கு 110 ரூபாய், பரப்பளவு 420 சதுர அடி, ஆக மாத வாடகை 46,200 ரூபாய் என்று அதில் இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தபோது உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அகலம் 14 அடி, நீளம் 20 அடி. அதாவது 280 சதுர அடி. ஷட்டரை ஒட்டி இடப்பக்கத்தில் நிற்கும் கனத்த தூணும் அந்த 280-க்குள்தான் அடக்கம். அதன் பின்னால் ஒரு ஹேங்கர் ஸ்டாண்டுகூட வைக்க இயலாது. மீதி 140 சதுர அடி எங்கே என்று கேட்டால், நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, ஜெனரேட்டர் அறை, காவலாளி அறை ஆகியவற்றில் கடைக்கு உரிய பங்கு என்கிறார்கள். சரி, பொது இடத்துக்கும் ஒருவர் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பொது இடத்தைக் கூட்டிப் பெருக்குவதற்கும் விளக்கெரிப்பதற்கும் என்று தனியாகப் பராமரிப்புக் கட்டணம் வாங்கப்படுகிறது. அதுவும் சதுர அடிக்கு 18 ரூபாய் வீதம் அதே 420 சதுர அடிக்குக் கணக்கிடப்பட்டு, மாதம் 7,560 ரூபாய்.

இரண்டும் சேர்ந்து 53,760 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 9,676 ரூபாய் 80 காசு. ஆக மொத்தம் மாதம் 63,436 ரூபாய் 80 காசு. உள்ளே நிற்கக்கூடிய 280 சதுர அடியால் அதை வகுத்தால் சதுர அடிக்கு 226 ரூபாய்க்கு மேல் ஆகிறது. விளம்பரப் பலகையில் 110, கையிலிருந்து போவது 226. வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டு, திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்ச் சிறுகடைக்காரர்களில் பலர், விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு அந்த வரவு கிடையாது. 5 விழுக்காடு வரி கட்டும் சிற்றுண்டிக் கடைக்காரருக்கும் கிடையாது. அவர்களுக்கு அந்தப் பதினெட்டு விழுக்காடு முழுக்க முழுக்கச் செலவு. வாடகை பேச வரும் தரகர் இதைச் சொல்வதில்லை. வளாக நிர்வாகமோ ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 'வரிகள் தனி' என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறது.

வீடோ கடையோ விலைக்கு வாங்குபவருக்கு இந்தத் தொல்லையில் பாதி இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்றால் என்ன என்று வரையறுத்து, வெளிச்சுவரையும் பொதுக் குழாய்த்தடங்களையும் நீக்கிவிட்டுப் பயன்படும் தரைப்பரப்பை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அச்சட்டம் விற்பனையைப் பற்றியது. வாடகைக்கு எடுப்பவரை அது பார்ப்பதில்லை. ஒரே கட்டடத்தில் ஒரே அளவுள்ள இரண்டு கடைகளில், விலைக்கு வாங்கியவருக்கு ஒரு பரப்பளவும் வாடகைக்கு எடுத்தவருக்கு அதைவிட ஒன்றரை மடங்கு பரப்பளவும் இருக்க முடிகிற விந்தை இப்படித்தான் உண்டாகிறது.

சுற்றுலா நகரம் என்பதால் வரும் சிக்கல் இதற்கு மேல். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்கள் வெள்ளிக்கிழமை இரவு நுழைந்து ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியேறிவிடுகின்றன. நூற்றுக்கு முப்பது ரூபாய் மிச்சம் வைத்து விற்கும் மேற்சொன்ன ஆடைக் கடைக்காரர், வாடகை, பராமரிப்பு, அவற்றின் வரி ஆகியவற்றுக்கு மட்டுமே மாதம் 2,11,000 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். ஆள் சம்பளம், மின்கட்டணம், கடன் வட்டி எல்லாம் அதற்குப் பிறகு. அந்த விற்பனையின் பெரும்பகுதியை மாதத்தின் எட்டோ பத்தோ சனி ஞாயிறுகளில் அவர் முடிக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலோ காந்தி வீதி நெடுகிலும் சண்டே மார்க்கெட் விரித்திருக்கிறது. வெளியூர்க்காரர் சட்டை வாங்குவது அங்கேதான். வளாகத்துக்குள் அவர் நுழைவது பெரும்பாலும் வெயிலுக்கும் கழிப்பறைக்கும். செவ்வாய், புதன் பிற்பகல்களில் மேல்தளக் கடைகளில் விற்பனைப் பெண்கள் ஒருவர் கடை வாசலில் இன்னொருவர் நின்று பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இதை வளாகம் கட்டுபவர்கள் அறியாதவர்கள் அல்லர். பெரிய நிறுவனக் கடைகளோடு அவர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பெரும்பாலும் விற்பனையில் பங்கு என்ற முறையில் அமைகிறது: குறைந்தபட்ச வாடகை ஒன்றை வைத்து, விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காடு அதைவிடக் கூடும் மாதத்தில் கூடுதலைக் கொடுப்பது. டிசம்பரில் நிறையக் கொடுப்பார்கள், மழை மாதத்தில் குறைத்துக் கொடுப்பார்கள். உள்ளூர்ச் சிறுவணிகருக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. ஏன் நமக்கும் அந்த முறையைக் கேட்கக்கூடாது என்று நான் சொல்லும்போது, விற்பனைப் பில்லை நிர்வாகத்திடம் காட்ட வேண்டி வருமே என்று நம்மவர்களே பின்வாங்குகிறார்கள். பில்லை வரித்துறைக்கு ஒழுங்காகக் காட்டுகிறவருக்குக் கட்டட உரிமையாளரிடம் காட்டுவதில் என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

புயல் மழைக்கு இந்த ஒப்பந்தங்களில் இடமே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே நின்றுவிட, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் தண்ணீர், மின்சாரம் இல்லை, கடை திறக்க வழியில்லை. ஆனால் மாத வாடகை ரசீது வழக்கம்போல முழுத்தொகைக்கு வந்தது. சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவின்படி, நெருப்பாலோ புயலாலோ வெள்ளத்தாலோ கட்டடத்தின் முக்கியப் பகுதி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோதான் குத்தகையைச் செல்லாததாக்கும் உரிமை வாடகைதாரருக்கு வருகிறது. நான்கு நாள் தண்ணீர் நின்றால் அது பொருந்தாது. கொரோனா ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட்டில் செருப்புக்கடை நடத்திய வாடகைதாரர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டதை, 2020 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை என்பதுதான் நிலைமை. ஆகவே கடை மூடிக்கிடக்க நேரும் நாள்களுக்கு வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் கிடையாது என்ற ஒரு வரியை எழுதி வாங்குவது கடைக்காரரின் பொறுப்பு. சரக்குக்கான வெள்ளக் காப்பீடும் அவருடையதே. கட்டட உரிமையாளரின் காப்பீடு கடைக்குள் இருக்கும் துணிக்குப் பொருந்தாது.

பதிவு விஷயத்தில் இரு தரப்பும் சேர்ந்தே தவறு செய்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையையும் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவு சொல்கிறது. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து, ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் பதிவில்லாமல் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அல்லது பதினொரு மாதத்துக்கு எழுதிவிட்டு, மீதியை வாய்ப்பேச்சில் விடுகிறார்கள். பதிவில்லாத பத்திரத்தில் இருக்கும் 'ஐந்தாண்டு' வழக்கு என்று வந்தால் நிற்காது. அது மாதக் குத்தகையாகவே கருதப்படும். உள் அலங்காரத்துக்கு ஆறேழு லட்சம் போட்டவர் தன் காலவரையறையைக் காட்ட ஆதாரம் இல்லாமல் நிற்பார். இதே பத்திரத்தில் மூன்றாண்டு 'லாக்-இன்', அதாவது இடையில் விட்டுப் போகக்கூடாத காலம், என்றும் எழுதியிருக்கும். அந்தக் கட்டுப்பாடு வாடகைதாரருக்கு மட்டும்தான்.

புதுச்சேரிக்கு என்று 1969-ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நேரு வீதியில் ஒரு கடை, அதற்கு ஓர் உரிமையாளர் என்ற காலத்தில் எழுதப்பட்ட அதில் பராமரிப்புக் கட்டணம், பொதுப்பரப்புப் பங்கு, விற்பனைப் பங்கு போன்றவற்றுக்கு விடை தேட முடியாது. தெற்கே கடலூருக்குப் போனால் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்லிவிட்டு, வேறு உடன்பாடு இருந்தால் தவிர என்று ஒரு சந்துவழியையும் அது விட்டுவைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்தச் சந்து வழியாகத்தான் தொடர்கிறது. மேற்சொன்ன கடைக்குப் பத்து மாதம் என்றால் 4,62,000 ரூபாய், வட்டியில்லாமல். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பல்லாத இடங்களுக்கு ஆறு மாதம் என்று வரம்பு வைத்தது. புதிய சட்டம் இயற்றும்போது புதுச்சேரி அரசு அந்த வரம்பையே எடுத்துக்கொண்டால் போதும், விதிவிலக்கு வாசகம் வேண்டாம் என்பது என் கருத்து.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத சிலவும் உண்டு. வணிக உரிமம் கோரும் விண்ணப்பத்தோடு, கடையின் உள்ளளவைக் காட்டும், இரு தரப்பும் கையெழுத்திட்ட வரைபடத்தைப் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் கேட்கலாம். பராமரிப்புக் கட்டணத்தின் ஆண்டு வரவு செலவைக் கடைக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாகவே வைக்கலாம். டீசலுக்கு எவ்வளவு, காவலுக்கு எவ்வளவு என்று தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. தங்கள் ஞாயிறு பதிப்பின் வரி விளம்பரங்களில் 'கடை வாடகைக்கு, சதுர அடி இவ்வளவு முதல்' என்று வருகிறது. அது எந்தப் பரப்பளவுக்கான தொகை, பராமரிப்பும் ஜிஎஸ்டியும் அதில் சேர்ந்தவையா என்று விளம்பரதாரரிடம் கேட்டு, அந்த விவரத்தையும் சேர்த்து அச்சிடுவதைத் தங்கள் விளம்பரப் பிரிவு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுத்தர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.